ஒன்றை அழுத்தவும்

வேலையில்லாதவர்களுக்கான விதிகளைத் திருத்தப்போகிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று அரசாங்கம் கூப்பிட்டால் வேலையில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் தட்டிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் டோனட் தின்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

எங்கள் ஊர் காகித மில்லை மூடியதிலிருந்து அரசு தரும் வாராந்திர உதவித்தொகையில்தான் பாதி ஊர் அடுப்பெரிக்கிறது. மில்லில் என்னோடு வேலை பார்த்த வெண்டல்தான் தலைநகருக்கு எல்லாரையும் கிளப்பியவன். தொழிலாளர் சங்கத்துத் தலைவர் பேசிக்கொள்வார், நீங்கள் நாற்காலியை நிரப்பினால் போதும் என்றான். என் கணவர் லூசியனைத் தனியாக விட முடியாது என்பதால் அவரையும் கூட்டி வந்திருந்தேன். மரம் ஏற்றும் லாரி ஓட்டிய மனிதர். இப்போது சிறுநீரகம் போய், கண்ணும் மங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார்.

நான் பேசப்போவதில்லை. பேசவும் கூடாது. காரணம் லூசியனுக்கே தெரியாது.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து அவர் அவரைக்காயும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். உதவித்தொகை அலுவலகத்து எண்ணைப் போட்டால் ஒரு இயந்திரக் குரல் கேட்கும். இந்த வாரம் எல்லா நாளும் வேலைக்குப் போகத் தயாராக இருந்தீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் லூசியனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு எங்கள் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது. பனியில் நான்தான் ஓட்டியாக வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அப்படியிருந்தும் நான் ஒன்றைத்தான் அழுத்துவேன். அழுத்திய பிறகு கொஞ்ச நேரம் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

சங்கத்துத் தலைவர் பேசி முடித்தார். விசாரணை அதிகாரி ஹாஸ்கெல் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த விதியை வாசித்தார். வேலைக்குத் தயாராக இல்லாத நாள் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வாரத்துத் தொகை கிடையாது. பொய் சொல்லியிருந்தால் வாங்கியதெல்லாம் திருப்பித் தர வேண்டும், வழக்கும் உண்டு. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இதைத் தளர்த்தலாமா என்பதுதான் கேள்வி.

"இந்த விதியால கஷ்டப்பட்டவங்க யாராவது இருந்தா, பேரும் ஊரும் சொல்லிட்டுப் பேசலாம். யாரும் பேசலைன்னா, யாருக்கும் கஷ்டம் இல்லைன்னு எழுதிட்டு விதியை அப்படியே விட்டுடுவோம்" என்றார்.

அவர் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் ஒருவர்கூட அசையவில்லை. கஷ்டப்பட்டேன் என்று வாயைத் திறந்தால் போனில் பொய் சொன்னேன் என்று அர்த்தம். வெண்டல் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மாவுக்கு ஞாபகம் போய், அவன் வீட்டில் வைத்துப் பார்க்க ஆரம்பித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். நல்ல ஏற்பாடுதான், யார் யோசித்தார்களோ.

அப்போது என் தோளிலிருந்து கை விலகியது. லூசியன் எழுந்துவிட்டார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். போனில் அப்படியொரு கேள்வி வருவதே தெரியாத அவருக்கு அது புரியவில்லை. "நீ பயப்படாத. எனக்கென்ன, நானா உதவித்தொகை வாங்குறேன்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாற்காலி முதுகுகளைத் தடவித் தடவி மைக்கை நோக்கி நடந்தார்.

பேரைச் சொன்னார். லூசியன் பெல்டியே. ஊரைச் சொன்னார். எங்கள் ஊரில் பெல்டியே வீடு ஒன்றே ஒன்றுதான்.

"என் பொண்டாட்டியப் பத்திச் சொல்லணும். வாரத்துல மூணு நாளு என்னைக் கூட்டிட்டுப் போறா. பனி, புயல் எதுக்கும் நின்னதில்ல. ஒரு நாளுகூட விட்டதில்லீங்க. இந்த மாதிரி ஒருத்திக்கு நீங்க சலுகை காட்டணும்."

மனிதர் முகமெல்லாம் பெருமை. கல்யாணத்தன்று பார்த்த பெருமை. அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹாஸ்கெல் அம்மாளின் பேனா நின்றது. கெட்ட மனுஷி இல்லை, அவருக்கும் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"உங்க மனைவி இப்ப உதவித்தொகை வாங்குறாங்களா?"

"ஆமா, பின்ன? அது இல்லைன்னா..." என்று ஆரம்பித்த லூசியன் என்னைத் தேடித் திரும்பினார். மங்கிய கண்ணுக்கும் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் குழாய்ச் சத்தம் எதற்கென்று அவருக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

"இல்லீங்க, தப்பாச் சொல்லிட்டேன். அவ இல்ல. பக்கத்து வீட்டுக்காரரு... அவரு பேரு... அவருதான் கூட்டிட்டுப் போவாரு" என்று தடுமாறினார். எங்களுக்குப் பக்கத்து வீடே கிடையாது, உருளைக்கிழங்கு வயல்தான். நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். மைக் வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது.

"ஆர்லீன் பெல்டியே. அதே ஊரு" என்றேன். "அவரு சொல்றதக் கேக்காதீங்க, அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. எனக்குத்தான் பழக்கம். வாராவாரம் ஒண்ண அழுத்துனது நான்தான்."

ஹாஸ்கெல் அம்மாள் தாழ்ந்த குரலில், இது பதிவாகிறது, வேண்டுமானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. லூசியனின் ஜில்லென்ற கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

"பதிவாகட்டும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நாளைக்கும் நான்தான் ஓட்டிட்டுப் போவேன். அதையும் எழுதிக்கோங்க."