பச்சை வலையைச் சுருட்டியவன்

செடிகளுக்கு மேல் நிழலுக்குக் கட்டியிருந்த பச்சை வலையை அவிழ்த்துச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தது நான்தான். காற்றையோ குரங்கையோ குற்றம் சொல்ல வழியில்லை. முடிச்சுகளைப் பதமாகப் பிரித்து, கயிற்றைத் தனியாகச் சுற்றி, அதன்மேல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்திருந்தேன். கெடுதல் செய்தாலும் நேர்த்தியாகச் செய்கிற ஆள் நான்.

சித்திரை வெயில் பாலக்கோட்டை வறுத்துக்கொண்டிருந்த வாரம் அது. எங்கள் மருமகனுக்கு வேலை மழை ஓயாத மலையூரான கல்பெட்டாவுக்கு மாற்றலாகி, அங்கே புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். என் மனைவி நிர்மலா மகள் காவியாவோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாமென்று கிளம்பினாள். எனக்குத் தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிற வேலை. வரத்து அதிகமான நேரம், நகர முடியவில்லை. போகிறபோது அவள் வீட்டுப் பக்கத்துச் சந்தில் நின்று, செடிகளைக் காட்டி, எனக்கு மூன்று விஷயம் சொன்னாள்.

"வலையில கை வைக்காதீங்க. நீல டிரம்முத் தண்ணியத்தான் ஊத்தணும். வேற ஒண்ணும் செய்யாதீங்க."

மூன்றில் ஒன்றைக்கூட நான் காப்பாற்றவில்லை.

அவள் வளர்ப்பதெல்லாம் மழைக்காட்டுச் சாதி. மெழுகில் செய்த மாதிரி சிவப்புப் பூ விடுகிற ஆந்தூரியம். மயிலிறகை இலையில் வரைந்து வைத்த கலாத்தியா. விசிறி விசிறியாக யானைக்காது. வாழை போலவே இருந்து கடைசிவரை தார் தள்ளாமல் கிளி மூக்குப் பூவை நீட்டுகிற ஹெலிகோனியா. தூணில் மணிபிளான்ட். ராகியும் தக்காளியும் விளைகிற ஊரில் இவை குற்றாலத்துக்குப் போகிற வழியில் தவறி இறங்கிவிட்ட பயணிகள் மாதிரி எனக்குத் தோன்றும்.

ஆனால் இவைதான் என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தன. காவியாவைக் கட்டிக் கொடுத்த பிறகு நிர்மலா டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். என்ன படம் என்று கேட்டால் தெரியாது. ஒருமுறை ஏற்காட்டுக்குப் போனபோது ஓர் ஆந்தூரியம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு சந்திலிருந்து பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. யாரிடம் பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தால் இலையைத் துணியால் துடைத்துக்கொண்டு, "இன்னா நேத்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த?" என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். அந்த விசாரிப்பு எனக்குக் கிடைப்பதில்லை. போகட்டும்.

அவள் பஸ் ஏறியதும் சந்தில் போய் நின்றேன். வலைக்குக் கீழே செடிகளெல்லாம் இருட்டில் சிறை இருக்கிற மாதிரி தோன்றியது. எங்கள் அப்பா தக்காளி வைத்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே விவசாயம், செடிக்கு வெயில் வேண்டும் என்பது. அவள் வருவதற்குள் செழிக்கவைத்து அசத்திவிட வேண்டும் என்று வலையைச் சுருட்டினேன்.

அடுத்தது நீல டிரம். அதில் இருப்பது ஒகேனக்கல் தண்ணீர். குழாயில் விட்டு விட்டுத்தான் வரும், வருகிற அன்று பிடித்து வைத்துக் குடிக்க வேண்டும். அதை எடுத்துச் செடிக்கு ஊற்றுவதென்றால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கை நடுங்கும். பாத்திரம் கழுவ, குளிக்க, செடிக்கு, எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான் எங்கள் வழக்கம். ஆகவே டிரம்மை மூடி வைத்துவிட்டு, போர் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பைப் பிடித்து இலையெல்லாம் நனைய அடித்தேன். காலையிலும் அடித்தேன். மண்டியிலிருந்து உச்சி வெயிலில் சாப்பிட வரும்போதும் அடித்தேன்.

நிர்மலா வந்தபோது யானைக்காது அப்பளம் மாதிரி கருகி மடிந்திருந்தது. கலாத்தியாவின் மயிலிறகெல்லாம் பொசுங்கியிருந்தது. பொசுங்காத இலைகளில் உப்புப் படிந்து, திருநீறு பூசிய மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் சந்தில் கொஞ்ச நேரம் நின்றாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"சாப்டீங்களா?" என்றாள்.

அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அன்றிலிருந்து அவள் சந்துப் பக்கம் போகவில்லை. நான்தான் வலையை மறுபடி கட்டினேன். நீல டிரம்மிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு வைத்து அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கோவமா நிர்மலா?"

"எதுக்குங்க கோவம்?"

"செடிய இப்படிப் பண்ணிட்டனே."

"போனா போவுது. கொழம்புல உப்பு சரியா இருக்குதா?"

மண்டியில் ஒரு கூடையின் மேல்பழத்தைப் பார்த்தே அடிப்பழம் எப்படி என்று சொல்லிவிடுவேன். இவளுடைய மேல்பழம் பளபளவென்று இருந்தது. அடியில் என்ன என்று தெரியவில்லை. மத்தியானத்தில் டிவி மறுபடியும் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. அதுதான் எனக்குப் பயம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஷகிலா காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் கணவர் அக்பர் அலிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. வலையே அங்கே வாங்கியதுதான்.

"அண்ணா, அக்கா செடியெல்லாம் என்னை எடுத்துக்கச் சொல்றாங்க. ஞாயித்துக்கெழம கடை வண்டி சும்மா நிக்கும், எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"இன்னாண்ணா பண்ணீங்க?"

"போர் தண்ணி அடிச்சேன். வலையையும் கழட்டிட்டேன்."

"அட அல்லா!" ஷகிலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "போர் தண்ணி இதுங்களுக்கு ஆவாதுன்னு அக்காதானே எனக்கே சொன்னாங்க. அவங்க எப்படிக் கண்டுபுடிச்சாங்க தெரியுமா? எல ஓரமெல்லாம் பழுப்பாப் போச்சாம். இத எங்கியோ பார்த்திருக்கறமேன்னு யோசிச்சாங்களாம். அப்புறம் நீங்க சாப்புடும்போது சிரிச்சீங்களாம்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு பிறந்து, போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவன் நான். எங்கள் வயசுக்காரர்களுக்கெல்லாம் அந்தத் தண்ணீரால் பல்லில் பழுப்புக் கோடு ஓடும். ஊரெல்லாம் சிரிக்கவைப்பேன், நான் சிரிக்கும்போது மட்டும் துண்டு வாய்க்குப் போய்விடும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது துண்டு தேவைப்படாது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி செடிகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருக்கிறாள். எனக்குக் கொடுத்திருக்க வேண்டியதை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் கலாத்தியாவின் கருகிய தண்டுகளுக்கு நடுவில் ஒரு புதுக் குருத்து தெரிந்தது. பீடி சுற்றின மாதிரி மெல்லிசாக, பச்சையாக. ஓடிப்போய் நிர்மலாவைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள். "ம்" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. ஷகிலா இறங்கி, "எடுக்கட்டுமாக்கா?" என்றாள். நிர்மலா முதல் தொட்டியைத் தூக்கக் குனிந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நான் கருக்கிட்டேன்னுதானே குடுக்கறே? என்னைத் திட்டிடு. ஷகிலா முன்னாலயே திட்டு. செடியக் குடுக்காத."

"உங்களாலன்னு யாரு சொன்னது?"

"பின்ன?"

அவள் தொட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் யானைக்காதின் மிச்சமிருந்த ஒற்றை இலையைப் பார்த்துப் பேசினாள்.

"காவியா வூட்டுக்குப் பின்னால சாக்கடை போவுது. அது ஓரத்துல இந்த யானைக்காது என் ஒசரத்துக்கு நிக்குதுங்க. யாரும் வைக்கல. பக்கத்து வூட்டம்மா களைன்னு சொல்லி அருவாள்ல வெட்டி வெட்டி எறியறாங்க. மணிபிளான்ட்டு பலா மரத்துல ஏறி, ஒவ்வொரு எலையும் மொறம் அளவு. இந்தக் கிளி மூக்குப் பூவ மாடு தின்னுது."

கீழே கிடந்த கருகிய இலையொன்றைப் பொறுக்கினாள்.

"நான் இங்க குடிக்கிற தண்ணிய ஊத்தி, ஒவ்வொரு எலையாத் தொடச்சி, பூ வந்தா காவியாவுக்கு போட்டோ அனுப்பிட்டிருந்தேன். இப்ப அவ ஜன்னலத் தொறந்தா அதேதான் தெரியுது. இனிமே நான் போட்டோ அனுப்புனாலும் பாவம், 'சூப்பரும்மா'ன்னு அனுப்புவா. அங்க நின்னப்ப எனக்கே வெக்கமாப் போச்சுங்க. இன்னா பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டிருக்கறோம்னு."

இத்தனை நாளும் நான் வேறு கேஸுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.  எனக்குத் தெரிந்தது சிரிக்கவைப்பது ஒன்றுதான், அதைச் செய்தேன்.

"என்னைக் கல்பெட்டாவுக்கு அனுப்பு," என்றேன். "ஒரே வாரம். அந்தச் சாக்கடையில ஒரு யானைக்காது இருக்காது. பலா மரத்தையும் சேத்து முடிச்சுட்டு வரேன்."

ஷகிலா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிர்மலா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். துண்டு தோளிலேயே இருந்தது.

சிரிப்பு அடங்கியபோது பார்த்தேன். அவள் முந்தானை நுனியால் அந்த ஒற்றை இலையின் உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் கை செய்துகொண்டிருந்தது. காய்ந்த கறை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அடியிலிருந்து பச்சை வந்தது.

"அங்க யாரும் பாக்காமயே வளருது," என்றாள், மெதுவாக. "இங்க நான் ஒரு வாரம் இல்ல, எல்லாம் போச்சு."

"அது நான் செஞ்சது."

"நீங்க செஞ்சதுதான். ஆனா நான் இருந்திருந்தா ஆயிருக்காதே."

வாசலில் ஷகிலா கேட்டாள்: "அக்கா, வண்டிய நிறுத்தட்டுமா, அனுப்பட்டுமா? அவரு கடையில காத்துட்டு இருக்கறாரு."

நிர்மலா குனிந்து கலாத்தியாவின் குருத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். எங்கள் மண்டியில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. 'பார்க்கலாம்' என்றால் இல்லை. 'அப்புறம் வாங்க' என்றால் இல்லவே இல்லை. அந்தப் பழக்கத்தில் வாழ்நாளெல்லாம் ஓடிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"சுத்தி வளைக்காத. நேராச் சொல்லு நிர்மலா. இதுங்க உனக்கு வேணுமா, வேணாமா?"

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணுங்க," என்றாள். "நீங்க மட்டும் தொடாதீங்க."