மதகுக் கல்லின் கடைசி வரி

கல்வெட்டைப் படியெடுக்க, மதகுக் கல்லின் மேல் ஒட்டிய ஈரத் தாளைத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துகளின் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள் பெரியநாயகி. வாலாஜாபாத்தைத் தாண்டிய அந்த ஏரி பல வருடங்களுக்குப் பிறகு இந்த வைகாசியில் மதகின் அடிவரை வற்றியிருந்தது. கணுக்கால் புதையச் சேற்றில் நிற்கும் இந்த ஐம்பத்து நான்கு வயதுக்காரி காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்ந்து முப்பது வயதுக்குள் முனைவர் பட்டம் வாங்கியவள். இப்போது அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. முடித்து, கல்வெட்டியலில் இரண்டாவது முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடமாக அலைகிறாள். பதிவு செய்த அன்று அவள் கணவர் ஜெயக்குமார் ஒன்றுதான் கேட்டார்.

"ஏற்கெனவே டாக்டர்தானேமா நீ? இன்னொரு டாக்டரு இன்னாத்துக்கு? இன்க்ரிமென்ட் கூட கெடையாதுன்றாங்க."

ஆனாலும் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் அவர்தான். இப்போதும் கரையில் குடை பிடித்து, அவள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவர் கேள்விக்குப் பதில் அவளுடைய அம்மாவிடம் இருந்தது. அங்கம்மாள் இதே ஏரியில் தூர் வாரியபோது அரிசிக் கூலிக்கு மண் சுமந்தவள். அவள் இறந்த பிறகு, சும்மா ஒரு ஆசையில் அந்த வேலையின் பழைய கோப்பைத் தேடிப் பிடித்துப் படித்தாள் பெரியநாயகி. ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தது, மேற்பார்வையாளர் பெயர் இருந்தது. சுமந்தவர்கள் 'பெண்கள், நாற்பத்திரண்டு' என்று மட்டும் இருந்தார்கள். அந்தக் கோபம்தான் அவளைச் சோழர் காலத்து ஏரிக் கல்வெட்டுகள் வரை இழுத்து வந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயலை அவள் இப்படி முடித்திருந்தாள்: 'கொடுத்தவர் பெயர் கல்லில் உண்டு. சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை.' அவளைவிடப் பதினெட்டு வயது இளையவளான நெறியாளர் இளவரசி, அதைப் படித்துவிட்டு அடியில் பென்சிலால் கோடு போட்டாள். சமர்ப்பிக்க இன்னும் இருபது நாள்.

இந்தக் கல்வெட்டின் ஏற்கெனவே அச்சான நான்கு வரிகளில் ஒரு நில அளவைச் சரிபார்க்கத்தான் இன்று வந்தாள். வந்து பார்த்தால், இத்தனை காலம் தண்ணீருக்குள் கிடந்த இடத்தில் ஐந்தாவதாக ஒரு வரி. மேலே உள்ளவை தேர்ந்த சிற்பியின் எழுத்து. இது கோணலும் மாணலுமாக இருந்தது. காய்ந்த தாளின்மேல் மையை ஒற்றினாள். கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்தது.

மண் சுமந்தாள் சாத்தி.

மறுபடி படித்தாள். தாளை நம்பாமல், அதை உரித்து எடுத்துவிட்டுக் கல்லையே விரலால் தடவினாள். சாத்தி என்ற பெயரின் நடுவில் உளி வழுக்கியிருந்தது. எழுதப் பழகாத ஒரு கை, யாரும் சொல்லாமல், தண்ணீர் மூடிவிடும் என்று தெரிந்தும் இதை வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடம். எத்தனை முறை நிரம்பி எத்தனை முறை வற்றியிருக்கும் இந்த ஏரி.

"ஏங்க, இங்க வாங்களேன்."

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார் ஜெயக்குமார். அவள் படித்துக் காட்டினாள்.

"உங்கம்மா மாதிரியா?"

தலையாட்டினாள். அவர் வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ நீ எழுதி வெச்சிக்கிறது?"

"தப்பு."

படம் அனுப்பிவிட்டு இளவரசியைக் கூப்பிட்டாள். "மேடம், நாலாவது இயல் நிக்காது."

"படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டேன் மேடம், சாத்தின்னுதான் இருக்கு" என்றாள் இளவரசி. பிறகு, "ஆனா இப்ப மாத்துனா ஒரு வருஷம் தள்ளிப் போய்டும். அப்படியே சப்மிட் பண்ணிடுங்க. இத அப்பறம் தனிக் கட்டுரையா போடலாம். மழ வந்தா தண்ணி மூடிக்கும், யாரும் கேக்கப் போறதில்ல" என்றாள்.

"அந்த இயலு பொய்யாவணும்னுதான் மேடம் அஞ்சு வருஷமா தேடிக்கினு இருந்திருக்கேன். இப்பதான் தெரியுது. எடுத்துடறேன்."

பேசி முடிப்பதற்குள், வரத்துக் கால்வாயில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட ஒருத்தி மட்டும் மண் சுமக்கும் காலிச் சட்டியோடு கீழே இறங்கி வந்தாள். நதியா என்று பெயர் சொன்னாள்.

"இன்னா மேடம், பொதையலா?"

"பேரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க மண்ணு சுமந்தவங்க பேரு."

நதியா சட்டியைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்தாள். "எதும்மா பேரு?"

பெரியநாயகி அவள் விரலைப் பிடித்து எழுத்தின் பள்ளத்தில் வைத்து, "சாத்தி" என்று படித்துக் காட்டினாள். விரலை எடுக்காமலே நதியா தலையை மட்டும் திருப்பினாள்.

"இன்னாடி அது?" என்றார்கள் கரையிலிருந்து.

"சாத்தியாம்!"

"யாரு?"

"சாத்தி! சாத்தி!"

காற்றில் சரியாகக் கேட்காத கடைசிப் பெண்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டார்கள். அந்தப் பெயர் வாய் மாறி வாய் மாறிக் கரையோடு போய்க்கொண்டிருந்தது.