காலைத் தூக்காத கச்சேரி

பொந்தியானில் பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியம் வாசிக்கிற ஒரே தமிழ்ப் பெண் எங்கள் லோஷினி. ஜொகூர் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருத்தி கிடைப்பாளா என்பது சந்தேகம்தான். பிழைப்புக்கு எல்லை தாண்டி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் வாயைப் பிளந்து தூங்கும்போது இவள் மட்டும் தொடைமேல் விரல்களை ஓட்டிக்கொண்டே போவாள். ஒருநாள் அந்த பஸ்ஸை விட்டு இறங்கி, பாஞ்சோ வாசித்தே சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. இதைக் கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது.

நான் சிரித்ததில்லை. நான் வாசிப்பது டபுள் பேஸ். என்னைவிட உயரமான அந்த வாத்தியத்தை மைவி காரின் பின்கதவு வழியாகத் திணித்து, அதன் கழுத்தைத் தோளில் தாங்கியபடி பத்து பாகாட் ஊரிலிருந்து ஓட்டி வருகிறவள் நான். அடுத்தவர் ஆசையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் பெயர் ஷாமளா. துணி ஆலையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் குழுவின் தலைவர் பிரேமகுமார். ஜொகூர் பாருவில் பல் டாக்டர், மேண்டலின் வாசிப்பார். கிட்டார் செல்வா. நாங்கள் வாசிப்பது புளூகிராஸ், அமெரிக்க மலைநாட்டு இசை. அதில் மேளம், டிரம்ஸ் எதுவும் கிடையாது. தாளத்தையும் கம்பிகளே பார்த்துக்கொள்ளும். அந்த மலைக்காரர்களின் அடுத்த தலைமுறை அதற்குள் ஜாஸ், ராக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கலக்கி, பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதற்குத்தான் புரோகிரசிவ் புளூகிராஸ் என்று பெயர். எங்களுக்குப் பிடித்தது அந்த அடங்காப்பிடாரிகளின் இசைதான்.

வேடிக்கை என்னவென்றால், விதியை மீறியவர்களின் இசையை நாங்கள் ஒரு சுரம்கூட மீறாமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதை முகத்துக்கு நேரே சொன்னவர் மிஸ் கோ. சிங்கப்பூரில் இசை விழாக்கள் நடத்துகிறவர். அமெரிக்காவிலிருந்து பெரிய பாஞ்சோக்காரர் ஒருவர் வரப்போகிறார், சிங்கப்பூரில் தொடங்கி கூச்சிங்வரை ஊர் ஊராக வாசிக்கப்போகிறார், கூடவே போக ஓர் உள்ளூர்க் குழு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பதிவைக் கேட்டுவிட்டு, "ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எந்த இடத்தை எந்த ரெக்கார்டிலிருந்து எடுத்தீர்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். ஒருமுறை நேரில் கேட்கிறேன். அதோடு முடிவு செய்துவிடுவேன்" என்றார். லோஷினி அன்று பஸ்ஸிலேயே அழுதாளாம்.

நேரில் கேட்க வேண்டுமென்றால் எங்கள் கையில் அப்போது ஒரே ஒரு நிகழ்ச்சிதான் இருந்தது. பொந்தியானில் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு நடக்கும் கலைமாலை. அதற்குத் தலைவர் மணியம். அன்னாசி ஏற்றும் லாரிகளின் முதலாளி. அவருக்கு எங்களைக் கண்டாலே ஆகாது.

அதற்குக் காரணம் ஒரு கால்.

புளூகிராஸில் பாட்டு இத்தனை சுற்று என்று எழுதி வைப்பதில்லை. ஆளுக்கொரு முறை தனியாக வாசிப்பார்கள். சுற்று வந்துகொண்டே இருக்கும். பாட்டை ஆரம்பித்தவர் எப்போது முடிக்க நினைக்கிறாரோ அப்போது ஒரு காலைத் தூக்குவார். கை இரண்டும் வாத்தியத்தில், வாய் பாட்டில். சும்மா இருப்பது கால்தானே. கால் எழுந்தால் இதுதான் கடைசிச் சுற்று என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். போன வருஷம் கோயில் விருந்தில் வாசித்தபோது பிரேமகுமாரும் அப்படித்தான் தூக்கினார். நேர் எதிரே முன்வரிசையில் மணியம். அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தின் அடிப்பாகம் அவர் முகத்துக்கு நேராக நின்றது. அவர் சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டார்.

அனுமதி கேட்க நானும் டாக்டரும் அவருடைய லாரிக் கொட்டகைக்குப் போனோம்.

"பள்ளிக்கூடத்துக்காக வாசிக்க வர்றவங்கள நான் வேணாம்னு சொல்லமாட்டேன். வாசிங்க" என்றார் மணியம். "ஆனா மேடையில ஒரு கால் எந்திரிச்சுது, மைக் வயர நானே பிடுங்கிருவேன்."

பிரேமகுமார் கால் வழக்கத்தை விளக்கினார்.

"பாட்டு முடியுதுனு சொல்றதுக்குக் கால்தானா கெடச்சுது? கத விடாதீங்க டாக்டரு. ஒங்க தாத்தா கணக்குப் பாக்குற கிராணியா இருந்த தோட்டத்துலதான் எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு. ஒங்க தாத்தா கால மேச மேல போட்டுக்கிட்டுத்தான் எங்கப்பாகிட்ட பேசுவாரு. அந்தக் கால எங்கப்பா சாவுற வரைக்கும் மறக்கல."

பிரேமகுமாருக்குப் பதற்றம் வந்தால் வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும். "நான் வேணுமெண்டு செய்யேல்ல, ஐயா. மேடையில இனிக் காலைத் தூக்கமாட்டன்" என்றார். மணியம் லாரி டயரைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தாவும் பால் வெட்டியவர்தான். அதற்காக டாக்டரின் காலைக் கோபிப்பதா, அவருக்காகப் பரிந்து பேசுவதா என்று எனக்கே விளங்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் முடிவு செய்தோம். காலுக்குப் பதில் தலை. மூன்று சுற்று முடிந்ததும் டாக்டர் தலையை ஆட்டுவார், நாங்கள் முடித்துவிட வேண்டும். படித்தவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. தமிழர்கள் பாட்டு வாசித்தால் தலையை ஆட்டாமல் இருப்பார்களா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கலைமாலையன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள், பெற்றோர், பின்வரிசையில் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வந்த மலாய்க்காரர்கள். இரண்டாவது வரிசையில் மிஸ் கோ, சிரிப்பில்லாத முகத்தோடு. அவருக்கு முன்னால் மணியம், வேட்டி சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு டாக்டரின் காலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டுகளுக்கு மரியாதையான கைதட்டல் கிடைத்தது. மிஸ் கோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லோஷினியும் அதைப் பார்த்துவிட்டாள்.

கடைசியாக டாக்டர் கட்டிய வேகமான மெட்டு. மூன்று சுற்றுக்கும், என்னைத் தவிர, ஆளுக்கு மூன்று தனி வாசிப்பு மனப்பாடம். மூன்றும் முடிந்தன. டாக்டர் தலையை ஆட்டினார். அவர் முதல் சுற்றிலிருந்தே ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் ரசிக்கிறார் என்று நினைத்து அடுத்த சுற்றுக்குப் போனேன். லோஷினி பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகம் எடுத்தாள். செல்வா கண்ணை மூடியிருந்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

டாக்டர் மூக்குக் கண்ணாடி நழுவும் அளவுக்குத் தலையை ஆட்டினார். முன்வரிசை முழுக்க அவரைப் பார்த்துத் திருப்பி ஆட்டியது.

"முடியுங்கோ!" என்று கத்தினார். பிள்ளைகள் தாளம் போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் மட்டும் நின்றால் ஓடுகிற லாரியில் ஒரு சக்கரம் மட்டும் நின்றது போலாகிவிடும். டாக்டர் ஒருமுறை தன் காலைப் பார்த்தார், பிறகு மணியத்தைப் பார்த்தார். கால் தரையிலேயே இருந்தது.

சுற்று மறுபடி லோஷினியிடம் வந்தது. அவளிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ரெக்கார்டிலிருந்து கற்றதையெல்லாம் வாசித்தாகிவிட்டது. அவ்வளவுதான், திங்கட்கிழமை மறுபடி அந்த பஸ்தான் என்று நினைத்தேன்.

அவள் கண்ணை மூடினாள். விரல் வேறொரு பாதையில் இறங்கியது. எங்கேயோ கேட்டது என்று யோசிப்பதற்குள் பின்வரிசை மலாய்க்காரர்கள் கூச்சலிட்டு எழுந்துவிட்டார்கள். ஸாப்பின்! அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தில் வாரந்தோறும் ஸாப்பின் என்கிற மலாய் ஆட்டத்துக்கு காம்புஸ் என்கிற கம்பி வாத்தியம் மீட்டுவார்கள். தொட்டிலில் இருந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்த அந்தக் கம்பி ஓசை பாஞ்சோவிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அலமாக்!" என்று மலாயில் வியந்தான் செல்வா, கண்ணைத் திறந்து.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேஸ் வாசிக்கிறவளுக்குத் தனி வாசிப்பு கொடுப்பதே அபூர்வம். கொடுத்தால் நான் தட்டிக்கழித்துவிடுவேன். அன்று ஓட இடமில்லை. என் தம்பி காவடி எடுத்தபோது அவன் முன்னால் அடித்த உறுமியின் அடி ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கம்பியை இழுத்து விட்டு, மரத்தில் அறைந்து, அதை அப்படியே அடித்தேன். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். லோஷினி அந்த அடிக்குமேல் தன் ஸாப்பினைக் கொண்டுவந்து போட்டாள். டாக்டர் தலையாட்டுவதையே மறந்து, மேண்டலினில் தன் அம்மா பாடும் தேவாரத்தை நாலு மடங்கு வேகத்தில் விரட்டினார். அது புளூகிராஸ்தானா என்று எனக்குத் தெரியாது. எங்களுடையது என்று மட்டும் தெரிந்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

ஆனால் முடிக்க வழியில்லை. டாக்டரின் மேண்டலினில் ஒரு கம்பி அறுந்தது. லோஷினியின் விரல் சிவந்துவிட்டது. மறுபடி சுற்று, மறுபடி கைதட்டல். டாக்டரின் கால் மட்டும் மேடையில் ஆணி அடித்ததுபோல அசையாமல் இருந்தது.

மணியம் அந்தக் காலைப் பார்த்தார். அறுந்த கம்பியைப் பார்த்தார். டாக்டரின் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். டாக்டர் சொன்னது கதையில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கப் பார்க்கத் தன் வலது காலை டாக்டருக்கு நேராகத் தூக்கி நிறுத்தினார்.

கண்ணிருந்த எல்லாரும் பார்த்தோம். ஒரே ஒரு சுற்று. நான்கு பேரும் ஒரே அடியில் போய் நின்றோம்.

பிறகு மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் மேடையிலிருந்து இறங்கி ஓடி மணியத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

"கை செத்துப்போயிருக்கும் லா. கால தூக்க வேண்டியதுதானே?" என்றார் மணியம்.

"உங்களுக்குச் சொல்லு குடுத்திட்டனே, ஐயா."

"இனிமே என் முன்னாடி தாராளமா தூக்குங்க. அது வேற காலு, இது வேற காலு."

மிஸ் கோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக லோஷினியிடம் வந்தார். "அந்தக் கடைசிப் பகுதி. அது எந்த ரெக்கார்ட்? எனக்குத் தெரியவில்லையே."

"எங்க வீட்டுப் பின்பக்கம்" என்றாள் லோஷினி.

மிஸ் கோ முதல் முறையாகச் சிரித்தார். "அதைத்தான் அந்த அமெரிக்கர் ஊர் ஊராக வந்து கேட்க வேண்டும். நீங்கள் வருகிறீர்கள்." பிறகு மணியத்தைப் பார்த்தார். "முடித்து வைக்க அந்தப் பெரியவரும் வருவாரா?"

லோஷினி அழவில்லை. நான்தான் டபுள் பேஸைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சிவந்த விரலால் கைப்பேசியை எடுத்து, கம்பெனி பஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். சுற்றிலும் இருந்த இரைச்சலில் உரக்கக் கத்த வேண்டியிருந்தது; மண்டபமே கேட்டது.

"அண்ணே, நான் லோஷினி. வேலைய விடுறேன்னு எழுதிக் குடுக்கப்போறேன். அடுத்த மாசத்துலேருந்து எனக்காக பஸ் நிறுத்த வேணாம்!"