சிப்பாயின் வெள்ளை வார்

ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த ஜீப்பை விட்டு இறங்கும்போது கன்னையனுக்கு முதுகு கழன்று விழுவதுபோல் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் நடந்தார். போடியில் அவர் வீட்டைச் சிப்பாய் வீடு என்பார்கள். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குப் படம் கிடையாது. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லோரும் முன்னோர் படம் வைக்க, இவர் வெறும் பூவை வைத்துவிட்டு வருவார். அந்தக் குறை தீரத்தான் மகள் சூர்யகலா விரல் உயரச் சிப்பாய் பொம்மை ஒன்றுக்கு வண்ணம் தீட்டியிருந்தாள். பட்டாளப் பொம்மை சேர்ப்பவர்களுக்கு வண்ணம் தீட்டித் தருவதுதான் அவள் தொழில்.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. சிவப்புச் சட்டை சரி. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும் வெள்ளைத் தோல் வாரில் மடிப்பெல்லாம் பழுப்பு, ஓரமெல்லாம் வெடிப்பு.

“என்ன ஆத்தா, நம்ம ஆளுக்கு அழுக்கு வாரை மாட்டியிருக்க? நாலு சனம் பாக்குற எடம்.”

“தோலுக்கு மேல வெள்ளை மண்ணைப் பூசுவாகப்பா. வளையிற எடத்துல வெடிச்சு உள்தோலு தெரியும். அவரு பட்டாளத்தோட மைல் கணக்கா நடந்த ஆளு.”

“கஞ்சி போட்ட வேட்டி இல்லாம எங்கப்பன் வாசலைத் தாண்டுனதில்ல. பட்டாளத்துத் தாத்தா அழுக்கா நிப்பாராக்கும்!”

அவள் காப்பி போட உள்ளே போனதும் கன்னையன் தூரிகையை எடுத்தார். வார் முழுக்கச் சுத்த வெள்ளையை இழுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த மச்சினன் ஒச்சப்பன் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“மச்சான்! உங்க வீட்ல ஐயரு எப்பப் பொறந்தாரு? சட்டைக்கு மேல பூணூல் போட்டிருக்காரே!”

கன்னையன் வாங்கிப் பார்த்தார். மடிப்பும் நிழலும் மறைந்ததில் தோல் நூலாகிவிட்டிருந்தது. கோயிலில் இதை வைத்தால் அடுத்த சிவராத்திரி வரை சிரிப்பார்கள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“பழையபடி ஆக்கிரு ஆத்தா. வெரசா.”

சூர்யகலா தூரிகையை எடுத்தாள். மங்கிய வெள்ளையை அடியில் பூசினாள். மடிப்புகளில் நீர்த்த பழுப்பை ஓடவிட்டாள். காய்ந்தபின் பஞ்சு நுனியால் வெள்ளையை அங்கங்கே ஒற்றினாள்.

“தோள் மேல இன்னுங் கொஞ்சம் தேயணும்,” என்றார் கன்னையன், கண்ணை மூடியபடியே. இத்தனை வருஷம் தோட்டத்துக்குப் பை சுமந்த தோள் அவருடையது.

ஜீப்பில் ஒச்சப்பன் மறுபடியும் பொம்மையைப் பார்த்தான். “இப்ப அழுக்கால்ல இருக்கு?”

“நடந்தவருடா மாப்ளே. உங்க தாத்தா மாதிரி அடுப்படியைக் காத்துக்கிட்டு கெடக்கல.”

தேவாரம் ஊரைத் தாண்டும்வரை அவர் முதுகைச் சாய்க்கவில்லை.