முதல் சம்பளத்துச் செருப்பு

"வெளிய வந்ததும் முதல்ல என்னடா பண்ணுவ?"

"முதல் சம்பளத்துல உனக்கு நல்ல செருப்பு வாங்கித் தருவேன்க்கா."

"பெரிய ஆளுதான்! நீ முதல்ல ஒழுங்கா வீடு வந்து சேரு."

சிறையில் பார்வையாளர் வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தாயிற்று. லாண்ட்ரி ஒன்றில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கே சம்பளத்தை வங்கியில்தான் போடுவார்கள். அவனுக்குக் கணக்கு இல்லை. அக்கா புருஷனின் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தான்.

அதனால், மீசை முளைத்த ஆண்பிள்ளை, ஷேவிங் பிளேடுக்கும் பஸ்ஸுக்கும் அக்காவிடம் கை நீட்டினான். அவள் சமையலறையில் வைத்து, முந்தானை மறைவில் கொடுப்பாள். அவன் உழைத்த காசுதான். ஆனால் திருடிய நாளில்கூட உடம்பு இப்படிக் கூசியதில்லை.

வங்கியில் கேட்டுப் பார்த்தான். கணக்குத் தொடங்க, அவன் அங்கேதான் குடியிருக்கிறான் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். வீட்டுக்காரர் என்றால் அக்கா புருஷன், மாமாதான். அவரோ, "மச்சான் வெளிநாட்டுலேருந்து வந்திருக்கான், சீக்கிரம் கிளம்பிடுவான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய்யின் தயவில்தான் அவன் மாடிப்படியில் தலைநிமிர்ந்து இறங்கினான். அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

அன்று காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, அறுந்த செருப்பு வாரை ஊக்கு போட்டு இழுத்து மாட்டினாள்.

"என்னக்கா இது?"

"இதுவா? புது மாடல்டா. கடையில கிடைக்காது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் செருப்பு வாங்கவும் அவளிடமே அல்லவா காசு கேட்க வேண்டும்!

மாமாவின் அறை வாசலில் போய் நின்றான். கதவு சாத்தியிருந்தது. யாராவது திறக்கும்வரை நிற்பது உள்ளே இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"தள்ளினா திறக்கும்டா. காவக்காரன் வரணுமா?" என்ற அக்கா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தா நல்லாத்தான் இருக்கும்க்கா," என்றான் அவளுக்காக. பிறகு தானே கதவைத் தள்ளினான்.

மாமா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, காசா?" கை பைக்குள் போனது.

"காசு வேண்டாம் மாமா." காது மடல் கொதித்தது. தரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான். "நான் இந்த வீட்லதான் இருக்கேன்னு ஒரு கையெழுத்து போட்டுத் தருவீங்களா?"