உரித்த பழம்

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று தீஸி ஊஸூ நகரத்து மருத்துவமனையில் மருத்துவர் சொன்னதுமே உய்ஸாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அவள் கணவன் மொக்ரான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: முற்றத்து அத்தியின் முதல் பழம். கல்யாணமாகி முப்பத்தோரு கோடையாக அதை அவர்தான் பிட்டு, பாதியை அவள் வாயில் வைப்பார்.

காட்டத்திக் காய்களைச் சரமாகக் கோத்து மரத்தில் தொங்கவிட வேண்டிய ஜூன் மாதம் முழுக்க அவள் மருத்துவமனை நாற்காலியில் கிடந்தாள். காட்டத்திக்குள் இருக்கும் பொடிப்பூச்சி பறந்து வந்து பிஞ்சுக்குள் புகுந்தால்தான் பழம் நிற்கும். ஊர் திரும்பிய மறுநாளே ஓடைப்பக்கம் போய்ப் பறித்து வந்து ஏழு சரம் கட்டினாள். ஒரு காயையாவது பிட்டுப் பார்த்திருக்கலாம். பக்கத்து வீட்டு கெனீமாதான் பிட்டாள்.

"வெறும் கூடு உய்ஸா! பூச்சி பறந்து பத்து நாளாவது இருக்கும். பார்க்காமலா கட்டினே?"

உய்ஸா ஏணியிலேயே நின்றாள். "அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

ஜூலையில் முற்றத்து மரத்தின் காய்கள் பழுக்காமலே மஞ்சளித்து உதிரத் தொடங்கின. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அவருக்குப் பொத் பொத்தென்று கேட்டது.

"என்ன சத்தம்?"

"காத்துங்க."

"ஒரு இலைகூட ஆடலியே."

"படுத்துக்கிட்டே எல்லாம் தெரியுமாக்கும்!"

"படுத்துக் கிடக்கிறவனுக்குத்தான்டி எல்லாம் தெரியும், மகாராணி."

விடியுமுன் எழுந்து, உதிர்ந்ததைக் கூட்டி ஆட்டுக்குப் போட்டாள். மாதம் முடிவதற்குள் மரத்தில் இலை மட்டும் மிஞ்சியது. அவர் கஞ்சி குடிப்பதும் நின்றுவிட்டது.

ஊர்ச்சபை நாள் சொல்லும்வரை யாரும் அத்தி பறிக்கக்கூடாது; இனி பறிக்கலாம் என்று அது அறிவித்த காலையில், கெனீமா கிண்ணம் நிறையப் பழம் கொண்டுவந்தாள். அவள் மரத்துப் பழம் கறுப்பு, இவர்களுடையது பச்சை. உய்ஸா சமையலறையில் நின்று ஒன்றை உரித்தாள்.

"தோல் தொண்டையில சிக்கும்னு உரிச்சுட்டேங்க. நம்ம மரத்தோட முதல் பழம்."

அவர் வாங்கினார். காம்படியில் நகத்தளவு கறுந்தோல் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தபோது அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நல்லாத்தான் காய்ச்சிருக்கு" என்றார்.

பிட்டெடுக்கக்கூட விரலில் வலுவில்லை. அவள் கையையும் சேர்த்துப் பிடித்துப் பிட்டு, பாதியை அவள் வாயில் வைத்தார். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார். விழுங்க முடியவில்லை. அவள் உள்ளங்கையை நீட்ட, அதில் துப்பினார்.

"இனிக்குதா உனக்கு?"

"இனிக்குதுங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் சத்தமே இல்லை.

"காத்து நின்னுடுச்சு போல" என்றார்.

உள்ளங்கையை மூடிக்கொண்டு, "ஆமா, நின்னுடுச்சு" என்றாள் உய்ஸா.