அம்பீத்சியா இல்லாத பிள்ளை

குணசேகரம் வாய் திறப்பது அபூர்வம். டென்மார்க்கின் ஹேர்னிங்கில் தையல் தொழிற்சாலை இயந்திரங்களைத் திருத்துவார், வீட்டுக்கு வந்ததும் புத்தகத்துக்குள் போய்விடுவார். மகன் கபிலன் விரும்பும் ரஷ்யப் பெண் இரீனாவின் தாய் லுத்மிலா வைலேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார் என்றதும், அவர் தானாகவே சொன்னார்: "ரஷ்யப் பாஷையிலை நான் ரெண்டு வசனம் கதைக்கிறன்."

மனைவி ராசமலர் அகப்பையைக் கீழே வைத்தார். "என்னோடை ஒரு கதை கதைக்க மாசக்கணக்கா யோசிக்கிற மனுசன். சம்பந்தியம்மா எண்டதும் வாய் வந்திட்டுதோ?"

கபிலனுக்குக் கலக்கம். லுத்மிலா கல்யாணத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு என்றிருந்தார். "அப்பா, சுருக்கமாகப் பேசுங்கள்," என்று டேனிஷில் கெஞ்சினான். அவரிடம் போய் யாராவது அப்படிக் கேட்பார்களா!

குணசேகரம் எண்பதுகளில் மொஸ்கோவில் பொறியியல் படித்தவர். அங்கே அப்போது ஒருவனைப் புகழ்வதென்றால் அடக்கமானவன், பதவிக்கு அலையாதவன், அம்பீத்சியா இல்லாதவன் என்பார்கள். அம்பீத்சியா என்றால் தலைக்கனம். அதன்பின் அந்த மொழியை அவர் பழைய நாவல்களில் மட்டுமே சந்தித்தார். சம்பந்தி முன்னால் சொந்தப் பிள்ளையைத் தூக்கிப் பேசக்கூடாது என்ற யாழ்ப்பாணத்து வளர்ப்பும் சேர்ந்துகொண்டது.

புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் பரிமாறியதும் எழுந்து நின்று ரஷ்ய மொழியில் சொன்னார்.

"என் மகன் அடக்கமானவன். பதவி ஆசை கிடையாது. அம்பீத்சியா துளியும் இல்லை."

இரீனாவின் முகம் வெளுத்தது. கபிலனின் காதில் டேனிஷில் சொன்னாள்: "நீ எதற்கும் உதவாதவன் என்று அம்மாவிடம் சொல்கிறார். இப்போது அந்தச் சொல்லுக்கு முன்னேறும் துடிப்பு என்று அர்த்தம். அது இல்லாதவனை ரஷ்யாவில் வேலைக்கும் எடுக்கமாட்டார்கள்."

"அப்பா!" என்றான் கபிலன்.

லுத்மிலா சிரித்தார். "என் அப்பா என்னைத் திட்டிய சொல் இது. சோவியத் நாடு உடைந்தது, அதுவே பாராட்டாகிவிட்டது. என் கணவருக்கு அந்தப் பாராட்டு நிறையக் கிடைத்தது. பெரிய ஆளாகப் போகிறேன் என்று போனவர், ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர்." சிரிப்பு நின்றுவிட்டது. "உங்கள் மகனுக்கு உண்மையாகவே அது இல்லையா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும், கல்யாணம் நடந்துவிடும். குணசேகரம் மௌனமானார். அவருடைய மௌனங்களுக்குப் பழகிய ராசமலர் அதற்குள் எல்லாருக்கும் இரண்டாம் தரம் புட்டு வைத்து முடித்துவிட்டார்.

"இருக்கிறது," என்றார் கடைசியில். "தாராளமாக இருக்கிறது. பிரிவுத் தலைவர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். கிடைத்துவிட்டதுபோல் இப்போதே நடக்கிறான்."

இரீனா இதைக் கபிலனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

லுத்மிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை நீட்டினார். "பெண் கேட்கிற இடத்தில் சொந்த மகனைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். இப்படி உண்மை சொல்கிறவரின் பிள்ளை எங்கேயாவது போனாலும் சொல்லிவிட்டாவது போவான். இன்னும் கொஞ்சம் கறி."

"என்னவாம்? கல்யாணத்துக்குச் சம்மதமாமோ?" என்றார் ராசமலர்.

"ஓமாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு இந்த ஒரு சொல்லோ?"

குணசேகரம் புட்டைப் பிசையத் தொடங்கினார். அந்த மாதத்துக்கான பேச்சு முடிந்துவிட்டது.